சிவப்புப் பொட்டைத் தேடிய கண்களுக்கு

கம்பு விழவில்லை. ஆனால் மைதானமே இடிந்து விழுந்ததைப் போல ஒரு சத்தம் எழுந்தது. மூவாயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். பின்வரிசைக்காரர்கள் தகரக் கூரையைக் கையால் அறைந்தார்கள். கூரைமேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமும் கடல் பக்கமாகப் பறந்து போயின. அத்தனை ஆரவாரத்துக்கு நடுவே ஒரே ஒருவர் மட்டும் அசையாமல் நின்றார். அவருடைய வலது கையில் வெள்ளைக்கொடி, இடது கையில் சிவப்புக்கொடி. இரண்டும் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த ஒருவருக்குத்தான் இந்த மடல்.

சான்தா இனேஸ் நகரின் செல்வமே, கம்புக்கு மேலே காற்றில் படுத்து ஆகாயம் பார்த்த அருமை நாரையே, முப்பத்தோரு ஆண்டுகள் எங்கள் மைதானத்தின் மெத்தைக்கும் மணலுக்கும் மனிதருக்கும் காவலாக நின்றவரே, நடுவர் நாற்காலிக்கு நாணயம் சேர்த்த நெரெய்தா பெதான்கூர் அவர்களே, வணக்கம்.

மடல் என்றால் உங்கள் முகத்தைப் பார்த்து ‘நீங்கள், நீங்கள்’ என்று வாசிக்க வேண்டும். முறை அதுதான். ஆனால் உங்களைப் பற்றி நல்லதாக ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் பாதியிலேயே கையைத் தூக்கி, “அது அப்படி இல்லை, ஒரு சென்டிமீட்டர் கம்மி” என்று திருத்துவீர்கள். முப்பத்தோரு வருடமாகப் பார்க்கிறோமே. ஆகவே கொஞ்ச நேரத்துக்கு உங்களை ‘அவர்’ என்றே சொல்லப் போகிறோம். வேறு யாரையோ பற்றிக் கேட்பது போலக் கேளுங்கள். எழுந்து போய்விட வேண்டாம். கேக் இன்னும் வெட்டவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில், இருபத்தோரு வயதில், இதே மைதானத்தில் உயரம் தாண்டும் போட்டியில் அவர் ஒரு மீட்டர் தொண்ணூற்று நான்கு தாண்டினார். அப்போது இங்கே மெத்தை கிடையாது. சர்க்கரை ஆலைச் சாக்குகளில் கரும்புச் சக்கையை அடைத்துப் போட்டிருப்பார்கள். அதில் முதுகால் விழுந்துவிட்டு, சக்கை ஒட்டிய தலையோடு எழுந்து சிரித்த புகைப்படம் இன்றும் முடிதிருத்தும் கடையில் தொங்குகிறது. நுழைவாயில் சுவரில் நீலச் சாயத்தில் பெயரும் உயரமும் எழுதினார்கள். அந்த வருடம் ஊரில் பிறந்த பெண் குழந்தைகளில் பதினொன்றுக்கு நெரெய்தா என்று பெயர். ஐந்து வருடம் கழித்து முழங்கால் போயிற்று. தாண்டுவது நின்றது. ஊரின் அன்பு நிற்கவில்லை. குதிரைவண்டிக்காரர் செர்வாந்தோ, வண்டி நிறைய ஆள் இருந்தாலும் அவரைக் கண்டால் நிறுத்துவார். “இறங்கி நடங்கப்பா, உங்களுக்கெல்லாம் கால் இருக்கு. நாரைக்கு ஒரு கால்தான்” என்பார்.

ரொட்டிக்கடை வரிசையில் சேருகிற யாரும் “கடைசி யாரு?” என்று கேட்டுத்தானே நிற்கிறோம்? அவர் கேட்டு முப்பது வருடமாக யாரும் பதில் சொன்னதில்லை. “நீங்க முன்னால போங்க” என்றுதான் சொல்வார்கள். உள்ளே ரொட்டி கொடுக்கிற சொய்லா முதல் ரொட்டியைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்.

இந்தப் புகழெல்லாம் அவருக்குப் பிடிக்காது என்று எழுதினால் அது பொய். பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் கம்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது வயதான கம்பு. நடுவில் லேசாக வளைந்திருக்கும். வளைவு மேலே பார்க்க வைத்தால் ஓர் உயரம். புரண்டு கீழே பார்த்தால் வேறு உயரம். புதுக் கம்பு கேட்டு எழுதிய கடிதங்களைச் சேர்த்தால் அதைவிட நீளமாக இருக்கும். ஆகவே கம்பின் மேல்பக்கத்தில், இடது ஓரத்தில், தன் நகப்பூச்சால் அவர் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். பொட்டு மேலே தெரிந்தால் கம்பு சரி. ஒவ்வொரு ஜனவரியிலும் பொட்டு புதிதாகும். நகப்பூச்சு கிடைக்காத வருடங்களில் தன் நகத்தை வெறுமனே விட்டு, மிச்சமிருந்த சொட்டைக் கம்புக்கு வைத்தார். தாண்ட வரும் பெண்களிடம் ஒன்று சொல்வார்: “கண்ணை நம்பாதீங்கடி. மேலே போனவளுக்குக் கம்பு எங்க இருக்குன்னு முதுகு சொல்லும். அரை விரல் மாறினாலும் சொல்லும்.”

கடந்த மே மாதம், கடைசி சனிக்கிழமை, மாகாணப் போட்டி. மதியத்திலிருந்தே மின்சாரம் இல்லை. ஒலிபெருக்கி ஊமை. கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மற்றப் போட்டிகள் எல்லாம் முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ரொட்டிக்கடை சொய்லாவின் மகள் யுனைக்கா, இருபது வயது, ஒரு மீட்டர் தொண்ணூற்றைந்துக்குக் கம்பை உயர்த்தச் சொல்லியிருந்தாள்.

அதைத் தாண்டினால் சுவரில் இருக்கும் பெயர் மாறும். அது மட்டும் இல்லை. ஹவானாவிலிருந்து தேசிய முகாமுக்கு ஆள் எடுக்க வந்தவர், மடியில் குடையோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் இருந்தது ஒரே ஓர் இடம். தாண்டினால் ஹவானா. தாண்டாவிட்டால் அம்மாவோடு ரொட்டிக்கடை.

தலைமை நடுவர் நாற்காலியில் இருந்தவர், அழியப்போகும் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்.

முதல் தாண்டலில் யுனைக்காவின் குதிகால் பட்டுக் கம்பு விழுந்தது. மறுபடி வைத்து அளந்தார்கள். இரண்டாவதில் தோள் பட்டது. கம்பு எகிறிப்போய்ப் புல்லில் உருண்டது. எங்களில் இருவர், இடது தூணில் எவுசேபியோவும் வலது தூணில் தானியாவும், கம்பைத் தூக்கி வைத்தார்கள். முதல் மழைத்துளி விழுந்தது. சாதனை உயரத்தில் கம்பு ஒருமுறை விழுந்தால், திரும்ப வைத்தபின் அளந்துதான் அடுத்த தாண்டலுக்கு விட வேண்டும். அது விதி. நெரெய்தா அளவுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏ நாரை, கூட்டைக் காவல் காக்கிறியா?”

சுற்றிலும் சிரிப்பு. இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. “இப்பத்தானே அளந்தீங்க. மழை வருது, உக்காருங்க அம்மணி. பொண்ணு தாண்டட்டும்.”

கைதட்டல் தாளமாக ஆரம்பித்துவிட்டது. அவர் கையில் அளவுகோல். நாற்காலிக்கும் கம்புக்கும் நடுவே பத்து அடி. அந்தப் பத்து அடியில் தான் என்ன நினைத்தார் என்பதைப் பிறகு ஒரு நாள் காப்பி குடிக்கும்போது அவரே தானியாவிடம் சொன்னார். “இப்ப நான் அளக்கப் போனா, என் பேரைக் காப்பாத்தத்தான் போறேன்னு நினைப்பாங்க. அந்த நினைப்பை என்னால தாங்க முடியாதுன்னு தோணிச்சு.”

முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக அவர் அளக்காமல் உட்கார்ந்தார்.

யுனைக்கா ஓடினாள். நேராக ஐந்து எட்டு, வளைவாக ஐந்து எட்டு. இடது கால் தரையை உதைத்தது. முதுகு வளைந்தது. கம்பு மூச்சுக்கூட விடவில்லை. அவள் மெத்தையில் விழுந்தாள். அந்தச் சத்தம் எழுந்தது.

தாண்டல் செல்லும் என்று காட்டுகிற வெள்ளைக்கொடி பிடித்த கை பாதிவரை போயிற்று. கொடியைத் தூக்குமுன் பொட்டைப் பார்ப்பது அவர் பழக்கம். கண் இடது ஓரத்துக்குப் போயிற்று. பொட்டு இல்லை.

கை இறங்கிற்று. அவர் நடந்து போய்க் குனிந்து கம்பின் அடியைப் பார்த்தார். பொட்டு அங்கே இருந்தது, தரையைப் பார்த்துக்கொண்டு. அதன் நுனியில் ஒரு மழைத்துளி தொங்கிற்று.

“எவுசேபியோ, அளவுகோலைக் கொண்டா.”

“எதுக்கு? அதான் தாண்டிட்டாளே.”

“கொண்டான்னா கொண்டா.”

ஒரு மீட்டர் தொண்ணூற்று மூன்று. இரண்டு தடவை அளந்தும் அதேதான். எவுசேபியோவின் முகம் சாம்பல் பூசியது போல ஆனது. அவர் நெரெய்தாவின் காதருகே வந்து சொன்னதை, எவுசேபியோவின் அனுமதியோடு இங்கே எழுதுகிறோம்.

“நெரெய்தா, நான் சொல்றதைக் கேளு. இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வெள்ளையைத் தூக்கிடு. அந்தப் பொண்ணு ஹவானா போகட்டும். தன் பேரைத் தானே விட்டுக்குடுத்த மகராசின்னு ஊரே உன்னைத் தோள்ல தூக்கும்.”

“ஹவானாவுல கம்பு நேரா இருக்கும், எவுசேபியோ. அங்க போய் இவ என்ன பண்ணுவா?”

“அது அப்புறம். இப்ப சொன்னா உன்னைக் கிழிச்சிருவாங்க.”

“தெரியும்.”

ஒலிபெருக்கி இல்லாததால் அவர் கூட்டத்தை நோக்கி நடந்தார். முழங்கால் வலிக்கும்போது அவர் நடை எப்படி இருக்கும் என்று இந்த மண்டபத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அதைவிட மெதுவாக நடந்தார். வேலியருகே நின்று, தொண்டை புடைக்கச் சொன்னார்.

“இந்தத் தாண்டல் ஒண்ணு தொண்ணூத்தஞ்சு இல்லை. கம்பு புரண்டு இருந்துச்சு. வச்சப்புறம் அளக்க வேண்டியது நான். அளக்கலை. தப்பு என்னோடது. யுனைக்காவுக்கு இன்னொரு தாண்டல் உண்டு.”

முதல் மூன்று வரிசைக்குத்தான் அது கேட்டது. அவர்கள் பின்னால் சொன்னார்கள், அவர்கள் இன்னும் பின்னால் சொன்னார்கள். பத்தாவது வரிசைக்குப் போகும்போது அது “நாரை தாண்டலை ரத்து பண்ணிட்டா” என்று ஆகியிருந்தது. கடைசி வரிசையில், “சுவத்துல இருக்கற தன் பேரு அழியக் கூடாதாம்” என்று முடிந்தது. கடலை மடித்த காகிதக் கூம்புகள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து விழ ஆரம்பித்தன. யுனைக்காவின் பயிற்சியாளர் அர்னால்தோ ஓடிவந்து தொப்பியைத் தரையில் அடித்தார்.

“பாத்துப் பாத்து வளத்த பொண்ணு. உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? கம்பை வச்சது உங்க ஆளுங்க. தாண்டினது என் பொண்ணு.”

“இன்னொரு தாண்டல் குடுத்திருக்கேன், அர்னால்தோ.”

“அவ கால்ல இன்னொரு தாண்டல் இருக்கா? பாரு அவளை.”

சொய்லா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கத்தவில்லை. “முப்பது வருஷமா உனக்கு முதல் ரொட்டி எடுத்து வச்ச கை இது, நெரெய்தா” என்று மட்டும் சொன்னார்.

எல்லாரும் பேசினார்கள். யுனைக்கா ஒருத்தி மட்டும் எதுவும் சொல்லவில்லை. மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கம்பைப் பொட்டு மேலே தெரிய வைத்தார்கள். மூன்று தடவை அளந்தார்கள். அதற்குள் மழை வலுத்துவிட்டது. யுனைக்கா ஓடிவந்தாள். வளைவில் கால் லேசாக வழுக்கியது. கம்பு அவளோடு சேர்ந்து மெத்தையில் விழுந்தது. சிவப்புக்கொடி உயர்ந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு குடை விரிந்து, வாசலை நோக்கிப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்தவற்றை எழுத எங்களுக்குக் கை கூசுகிறது. இருந்தாலும் அதை எழுதாமல் இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தால் அது புரண்ட கம்பாகிவிடும்.

மறுநாள் காலை நுழைவாயில் சுவரில், நீல எழுத்துக்கு மேலே கரியால் ‘யுனைக்கா 1.95’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். நாங்கள் துணியை எடுத்துக்கொண்டு போனோம். “விடுங்க, மழை பெய்யும்” என்றார் அவர். செர்வாந்தோ அவரைக் கண்டதும் குதிரையைத் தட்டிவிட்டார். வண்டியில் பாதி இடம் காலி. பதினோரு நெரெய்தாக்களில் இரண்டு பேர் தங்கள் இரண்டாம் பெயருக்கு மாறினார்கள். ரொட்டிக்கடையில் அவர் “கடைசி யாரு?” என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இருபது பேர் நிற்கிற வரிசையில் கடைசி ஆள் யார் என்றே தெரியாமல், உத்தேசமாக ஓர் இடத்தில் நின்றார். தினமும் அதே கேள்வியைக் கேட்டார். தினமும் அதே மௌனம். ரொட்டி தீர்ந்துபோன நாட்களில் வெறும் பையை மடித்துக்கொண்டு வேலைக்கு வந்தார். வந்து, மெத்தைக்கு வெயில் காட்டினார். தூண்களுக்கு எண்ணெய் போட்டார்.

ஒரு தடவைகூட எவுசேபியோவின் பெயரைச் சொல்லவில்லை.

நாங்களும் சொல்லவில்லை. தானியாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்று எங்களில் யாரும் தப்பிக்க முடியாது. கம்பை வைத்தது யார் என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும். ஊரின் கோபம் ஒருவர் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் நனையாமல் நின்றோம்.

பத்தொன்பதாம் நாள் பூங்காவில், பாதாம் மரத்தடி டொமினோ மேசையில், எவுசேபியோ காயைக் கவிழ்த்து வைத்தார். எதிரே செர்வாந்தோ.

“கம்பைப் புரட்டி வச்சவன் நான். வெள்ளையைத் தூக்கு, வாயை மூடுன்னு அவகிட்ட சொன்னவனும் நான்தான்.”

“பத்தொன்பது நாளா எங்க போச்சு இந்த வாய்?”

“பயந்துட்டேன்.”

“அவ பயப்படலையா?”

“அவளும் பயந்தாதான்,” என்றார் எவுசேபியோ. “அந்தப் பயத்தோடயே சொன்னா.”

செர்வாந்தோ ஆட்டத்தைப் பாதியில் கலைத்தார். பூங்காவில் இருந்த மற்ற மூன்று மேசைகளுக்கும் போய் அவரே சொன்னார். இந்தத் தடவை வார்த்தை மாறாமல் போயிற்று.

மறுநாள் ரொட்டிக்கடை. “கடைசி யாரு?” என்று நெரெய்தா கேட்டார். செர்வாந்தோ திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“நான்தான், நாரை. எனக்குப் பின்னால நில்லு.”

முன்னால் போகச் சொன்ன முப்பது வருடத்தைவிட அந்தப் பின்னால் நிற்கச் சொன்ன நாள்தான் தனக்குப் பெரியது என்று அவர் எங்களிடம் சொன்னார். சொய்லா அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்காமல்தான் ரொட்டி கொடுத்தார். ஆனால் கொடுத்தார்.

யுனைக்கா அக்டோபரில் ஒரு சரக்கு லாரியில் தொற்றிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே ஹவானாத் தேர்வுக்குப் போனாள். ஒரு மீட்டர் தொண்ணூற்றைந்தைத் தாண்டினாள். தாண்டுவதற்கு முன்னால் கையைத் தூக்கி, கம்பை மறுபடி அளக்கச் சொன்னவள் அவளேதானாம். நடுவர்கள் எரிச்சலோடு அளந்தார்களாம். இப்போது முகாமில் இருக்கிறாள். அவள் தாண்டியது அங்கே என்பதால் எங்கள் சுவரில் நீல எழுத்து அப்படியே இருக்கிறது. கரி எழுத்தை மழை கொண்டுபோய்விட்டது.

இனி உங்கள் முகத்தைப் பார்த்தே பேசலாம், நெரெய்தா அவர்களே.

உங்கள் தாண்டலைப் புகழ ஊர் இருக்கிறது. வேலி ஓரம் தனியாக நடந்துபோன அந்த நடையைப் புகழ்கிற கடமை எங்களுடையது. அன்று உங்களோடு நடக்காத கால்களும் எங்களுடையவைதான். அதற்காக வெட்கப்படுகிறோம். பிரிவுபசாரம் என்று சொல்லி இந்த மண்டபத்தில் உங்களை உட்கார வைத்ததே, அதைச் சபையில் சொல்லத்தான்.

பரிசாக, பொட்டு வைத்த அந்தக் கம்பையே தருகிறோம். புதுக் கம்பு கடைசியில் வந்துவிட்டது. அதன் மேல்பக்கத்தில் நேற்று தானியா ஒரு பொட்டு வைத்துவிட்டார். பழையது நான்கு மீட்டர் நீளம். உங்கள் வீட்டு வாசலில் எப்படி நுழையும் என்று எங்களுக்குத் தெரியாது. வெளியே செர்வாந்தோ வண்டியோடு நிற்கிறார். நாங்கள் சொல்லி வைக்கவில்லை. கயிறும் அவரே கொண்டுவந்திருக்கிறார். இந்த மேசையில் இருக்கும் கேக் சொய்லா அனுப்பியது. அவர் வரவில்லை. கேக் வந்திருக்கிறது.

முழங்கால் வலி குறைந்து, உறக்கம் நிறைந்து, காலையில் காப்பிக்குச் சர்க்கரையும் வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒரு நல்ல மனிதரும் என்றும் வாய்த்து, நூறாண்டு நலமோடு வாழ்க. எங்கள் கம்பு எங்கே இருந்தாலும் உங்கள் கண் அதன் இடது ஓரத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தானியா, எவுசேபியோ, அர்னால்தோ,
மற்றும் மைதானப் பணியாளர்கள் அனைவரும்,
சான்தா இனேஸ்.

பின்குறிப்பு: இன்று காலை ஹவானாவிலிருந்து பேருந்தில் வந்து இறங்கிய யுனைக்கா, தானும் இதில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். முழுவதையும் நின்றபடியே படித்தாள். பேனாவை வாங்கியவள் கையெழுத்துப் போடாமல் வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு, தான் சொல்வதையும் கடைசியில் சேர்க்கச் சொன்னாள். அவள் சொன்னபடியே சேர்க்கிறோம்:

“மேலே இருக்கும்போதே என் முதுகுக்குத் தெரிஞ்சிடுச்சு, கம்பு தாழ்வா இருக்குன்னு. நெரெய்தா அத்தை அன்னைக்கு அப்புறமா அளந்திருக்கலைன்னா, நான் சாகற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.”